கெளுத்தி எந்தக் காயாச்சு?

எனக்கு எழுத்து ஓடாது. அஞ்சாங்கிளாஸோட நின்னவ நான். ஒரு வரி எழுதுறதுக்குள்ள முந்தின வரி மறந்துபோயிடும், அப்பறம் மேல போய்ப் படிச்சுட்டு வரணும். கோர்வையா இல்லன்னா கோவிச்சுக்காதீங்க. நம்ம வேன் கண்ட்ரோல் ரூமுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்கன்னு மேனேஜர் கேட்டாரு. நேர்ல வந்து பேசச் சொல்லியிருந்தா அன்னிக்கே காய்ச்சல் வந்து படுத்திருப்பேன். எழுதுறதுன்னா பரவாயில்ல, யாரும் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க.

மைக் வேலைக்கு நான் வந்ததும் அதனாலதான். மொதல்ல ஆபீஸ் கூட்டி, தண்ணி புடிச்சு வைக்கத்தான் சேந்தேன். மைக்ல பேசின பொண்ணு கல்யாணமாகிப் போனதும் மேனேஜர் என்னையப் பாத்தாரு. "நானா? நாலு பேரு முன்னாடி எனக்குத் தொண்டை அடைச்சுக்குமே"ன்னேன். "நாலு பேரு முன்னாடி இல்லம்மா, ஒரு டிவி முன்னாடிதான்"னாரு. அப்படி உக்காந்தவ ரிட்டயர் ஆகுற வரைக்கும் எந்திரிக்கல.

நம்ம வேன்ல இருக்கிற பெட்டி என்ன செய்யும்னு உங்களுக்கு என்னையவிட நல்லாத் தெரியும். ஒரு வண்டி பிரேக் போட்டா பின்னாடி வர்ற நம்ம வண்டிக்குச் சொல்லும். ரோட்டுல தண்ணி நிக்குதுன்னா சொல்லும். காரைக்கால்ல கெளம்பினது, திருநள்ளாறுல நிக்கிறது, அம்பகரத்தூர்லேருந்து திரும்புறது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். அதை மாட்ட வந்த இஞ்சினியர் பொண்ணு மொத நாளே ரெண்டு விஷயம் சொல்லிச்சு. வண்டி நம்பர் மேப்ல தெரியக் கூடாது, வேற பேரு வைங்க. அந்தப் பேரையும் அடிக்கடி மாத்துங்க. இல்லன்னா இந்த வண்டி எங்க போவுது, அதுல யாரு போறான்னு வெளியாளு உக்காந்த எடத்துலேருந்து பாத்துருவான்.

நாங்க மொத பாதியக் கேட்டுக்கிட்டோம். மீன் பேரு வச்சோம். அதுக்கே ஒரு நாள் பூரா சண்டை. எல்லாருக்கும் வஞ்சிரம் வேணும், மத்தி யாருக்கும் வேணாம். "என் வண்டி ஏசி வண்டிங்க, அதப் போயி மத்தின்னா?"ன்னு ஒருத்தர் சாப்பிடாமப் போனாரு. கடைசில சீட்டுப் போட்டோம். வஞ்சிரம் செல்வராசுக்கு வந்துச்சு. சந்தோஷம் தாங்காம மறுநாளே வண்டி முதுகுல இம்மாம் பெருசுக்கு ஒரு வஞ்சிரம் வரைஞ்சு ஓட்டிட்டு வந்துட்டாரு! பேரு வச்சதே வண்டி தெரியாம இருக்க. இஞ்சினியர் பொண்ணு அதப் பாத்துட்டு நடுரோட்டுலயே குந்திட்டுச்சு. அழுவுதான்னு ஓடினேன். சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. அழிக்கச் சொன்னோம். அழிச்சாரு, வால அழிக்க மனசு வரல.

பாஸ்வேர்டு கதை இன்னும் மோசம். எல்லா வண்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு. டிரைவருங்களுக்கு மறந்துபோவுதுன்னு அதை எழுதி, டேஷ்போர்டுல சாமி படத்துக்குக் கீழ ஒட்டி வச்சிருந்தாங்க. சாமியோட சேத்து ஏறுறவங்க எல்லாரும் கும்புட்டுக்கிட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் எனக்குப் போன். செல்வராசு வீட்டுக்காரம்மா.

"யக்கா, வஞ்சிரம் ஏன் பிரியாணிக் கடை வாசல்ல நிக்குது?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என் போன்லதான் மேப் இருக்கே. டாக்டர் இந்த மனுசன எண்ணெயே தொடாதன்னு சொல்லியிருக்காரு. இப்ப அம்பகரத்தூர்ல பசியோட நிக்கிறேன்னு எனக்குப் போன் பண்றாரு!"

ஆபீஸே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். பொண்டாட்டி பாக்குறா, அதுல என்னன்னு விட்டுட்டோம். பொண்டாட்டி பாக்க முடிஞ்சா யாரும் பாக்கலாமேன்னு அன்னிக்கு ஒருத்தருக்கும் தோணல.

சனிக்கிழமை வழக்கத்தையும் சொல்லிடணும், அது இல்லாம இந்தக் கதை இல்ல. சனிக்கிழமை திருநள்ளாறுக்கு வர்றவங்க விரதத்தோட, எண்ணெய் தேச்சுக் குளிக்கிற நெனப்போட வர்றாங்க. வண்டிக்குள்ள மைக்ல "நெத்திலி வந்தாச்சா? சங்கரா எங்க?"ன்னு நான் கேட்டா எப்படி இருக்கும்! ஒரு அம்மா டிரைவர் கையிலேருந்து மைக்க வாங்கியே கேட்டுட்டாங்க, "ஏங்க, கோயிலுக்கு வர்றோமா, மீன் மார்க்கெட்டுக்கு வர்றோமா?"ன்னு. அதுலேருந்து சனிக்கிழமை மட்டும் திருநள்ளாறு ஆர்ச்ச நெருங்கின உடனே ஒவ்வொரு வண்டியும் சைவத்துக்கு மாறும். டிரைவர் சொல்லுவாரு, நான் பட்டனத் தட்டுவேன், நெத்திலி வெண்டைக்காய் ஆயிடும். திரும்பி வந்து ஆர்ச்சத் தாண்டினா மறுபடி நெத்திலி.

இனிமேதான் விஷயம்.

ஒரு நாள் டீச்சரம்மா ஆபீசுக்கு வந்தாங்க. ரிட்டயர் ஆன டீச்சர், வீட்டுக்காரர் போயி ரொம்ப வருஷம். என்னைய மாதிரியே கூச்சக்காரங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஃபேனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம். அப்பறம் அவங்கதான் ஆரம்பிச்சாங்க.

"சனிக்கிழமை அம்பகரத்தூருக்கு ரெண்டு சீட்டு வேணும்."

"யார் யாருக்கும்மா?"

"எனக்கு ஒண்ணு. சொல்தாவுக்கு ஒண்ணு."

பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்தவங்கள எங்க ஊர்ல சொல்தான்னுதான் சொல்லுவோம். அவங்க சொன்னவரு அடுத்த தெரு. கட்டிக்காமலே காலம் போயிடுச்சு அவருக்கு. அக்கா மகன் பாஸ்கர் வீட்டோட இருக்காரு.

"அம்மன் கோயிலுக்காம்மா?"

"ஆமா. மாலை மாத்திக்க."

எனக்கு வாய் தொறந்தது மூடல. "சனிக்கிழமையா? சனிக்கிழமை யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா டீச்சர்?"

"பண்ண மாட்டாங்க. அதனாலதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வராதாம். அவரு போட்ட திட்டம். பட்டாளத்து மூளை."

ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சுட்டு டீச்சரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "இதக் கேட்டுக்கங்க. வழியில யாராவது வந்து நின்னு, நாலு பேரு முன்னாடி, இந்த வயசுல என்ன இதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா நான் எறங்கித் திரும்பி வந்துருவேன். அப்பறம் அவரு எத்தன தடவ கூப்பிட்டாலும் போக மாட்டேன். எனக்கு இருக்கிற தைரியம் ஒரு தடவைக்குத்தான். யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது டீச்சர்"னு சொல்லிட்டேன். சொல்லிட்டுத் திரும்புறேன், செவுத்துல டிவி. எல்லா வண்டியும் பளிச்சுனு ஓடிக்கிட்டிருக்கு.

சனிக்கிழமை வந்துச்சு. டீச்சரம்மா யாரு கண்ணுலயும் படாம பஸ் ஸ்டாண்டுல ஏறிக்கிட்டாங்க. கலியமூர்த்தி வண்டி, அதான் கெளுத்தி. சொல்தா ஐயா வீட்டு வாசல்ல ஏறினாரு. எப்படின்னு கேளுங்க. கோட்டு, தொப்பி, ஷூ, சட்டையில மெடல்! தெருவே வாசல்ல வந்து நின்னு பாத்துச்சாம். ரகசியமாப் போறவரு.

கெளுத்தி கெளம்பின கொஞ்ச நேரத்துல பாஸ்கர் ஆபீசுக்குள்ள வந்துட்டாரு. ஒரு கையில போனு, இன்னொரு கையில மாத்திரை அட்டை.

"எங்க மாமா எந்த வண்டில போறாரு? சொல்லுங்க. நெஞ்சு மாத்திரைய வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரு."

நான் டிவிய மறைச்சாப்ல நின்னேன். நான் நின்னா எம்மாம் மறையும்?

"மறைக்காதீங்கக்கா. என் போன்லயே இருக்கு. கெளுத்திதான? பாத்தவங்க சொன்னாங்க. ஆனா மாமா எங்க எறங்குவாருன்னுதான் தெரியணும். அந்த டீச்சரும் கூடப் போறாங்கதான?"

"தம்பி, உங்களுக்கு அதுல என்ன..."

"என்னவா? ஆறாங்கிளாஸ்ல வாரம் தவறாம என்னைய முட்டி போட வச்சவங்கக்கா அவங்க! அவங்க என் வீட்டுக்கு அத்தையா வந்தா நான் தெனம் முட்டி போட்டுத்தான் காபி குடிக்கணும்!"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். மாத்திரை அட்டைதான் உறுத்திச்சு. பொய்யின்னா சரி. நெசமா இருந்தா? சொல்லிட்டா டீச்சருக்குக் குடுத்த வாக்கு போச்சு. சொல்லாம அந்த மனுசனுக்கு ஏதாவது ஆயிட்டா? கலியமூர்த்தியக் கூப்பிட்டுக் கேக்கலாம், ஆனா கேட்ட உடனே அந்த வண்டிதான்னு நானே உறுதிப்படுத்தின மாதிரி. பிள்ளைங்களா, இந்த வேலையில ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிற நேரம் வரும். எனக்கு அது வந்தது அன்னிக்குத்தான்.

மைக்க எடுத்தேன். ஒருத்தர மட்டும் கேக்காம எல்லாரையும் கேட்டேன்.

"எல்லா வண்டியும் கவனிங்க. உங்க வண்டியில வர்ற பெரியவங்க யாராவது நெஞ்சு மாத்திரைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

ஐயையோ, அப்பறம் பாக்கணுமே!

"இங்க ஒரு ஆத்தா சுகர் மாத்திரை தர்றேங்குது, வாங்கிக்கவா?"

"என் வண்டியில யாருக்கும் நெஞ்சு வலி இல்லக்கா, எனக்குத்தான் இந்த டிராபிக்கப் பாத்து வலிக்குது."

"ஒரு ஐயா தைலம்தான் விட்டுட்டு வந்தாராம். வேற யாராவது வச்சிருக்காங்களா?"

"நம்மகிட்ட தைலம் இருக்கு! எங்க நிக்கிறீங்க?"

அதுக்கு நடுவுல கலியமூர்த்தி குரலும் வந்துச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. "இங்க எல்லாரும் பையிலேயே வச்சிருக்காங்களாம். எடுத்துக் காட்டியே சொல்லிட்டாங்க."

ஒரு வண்டி விடாம இல்லன்னு சொல்லிடுச்சு. "கேட்டீங்களா தம்பி, யாரும் விட்டுட்டு வரல"ன்னேன். பாஸ்கர் மாத்திரை அட்டையப் பாத்தாரு, போனப் பாத்தாரு, பைக்க எடுத்துக்கிட்டு திருநள்ளாறு ரோட்டுல பறந்துட்டாரு.

அன்னிக்கு நம்ம நல்ல நேரம், பெட்டியெல்லாம் சரிபாக்க இஞ்சினியர் பொண்ணு வந்திருந்துச்சு. பக்கத்து டேபிள்ல இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்துச்சு. "கெளுத்தி பெட்டிய ஆஃப் பண்ணிடலாமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்மா. நடந்து போற கூட்டம் ரோடு பூரா இருக்கு. பெட்டி இல்லன்னா பின்னாடி வர்ற வண்டிக்கு எச்சரிக்கை போவாது. அதோட, திடீர்னு காணாமப் போற வண்டிதானே ஒளியிற வண்டி? அவரு கண்டுபுடிச்சுருவாரு."

"பாஸ்வேர்ட மாத்திட்டா?"

"ஓடிக்கிட்டிருக்கும்போது மாத்தினா எல்லா டிரைவருக்கும் ஸ்கிரீன் போயிடும். அது நைட்டு செய்ய வேண்டிய வேலை."

"அப்ப பேர மாத்திடுறேன். இப்ப ஆர்ச் வந்துரும், எப்படியும் காயா மாறணும்ல?"

அப்பதான் அதுக்கு நம்ம சனிக்கிழமை வழக்கமே தெரிஞ்சுச்சு. இட்லியோட எந்திரிச்சுருச்சு. "ஒவ்வொண்ணா மாத்துறீங்களா? மீன் மறைஞ்ச எடத்துலயே காய் மொளைச்சா பாக்குறவனுக்குத் தெரியாதாம்மா?"

இத்தன நாளும் அப்படித்தான் மாத்திக்கிட்டிருந்தோம். விரதத்துக்கு மரியாதை குடுத்தோம், ரகசியத்துக்குக் குடுக்கல.

"எல்லா வண்டியும் ஒரே எடத்துல கூடுற மாதிரி ஏதாவது எடம் இருக்காம்மா?"

"பார்க்கிங் கிரவுண்டு இருக்கு, திருநள்ளாறுல."

"எல்லாரையும் அங்க வரச் சொல்லுங்க. மொத்தமா மாத்துவோம். யாருக்கு என்ன பேருன்னு பெட்டியே போட்டுக்கட்டும். நமக்கும் தெரிய வேணாம்."

கூப்பிட்டேன். வந்தாங்க. திருநள்ளாறு கிரவுண்டுல நம்ம வேன் எல்லாம் ஒட்டி ஒட்டி மொய்ச்சு நிக்குது, அத்தனையும் வெள்ளை. வால் தெரியிற ஒண்ண மட்டும் செவுத்தோரமா முதுகக் காட்டாம நிறுத்தச் சொன்னேன். பாஸ்கர் பைக் ஆர்ச்சத் தாண்டிடுச்சுன்னு சங்கரா டிரைவர் பாத்துச் சொன்னாரு. "சைவத்துக்கு மாறப் போறோம், ரெடியா?"ன்னேன்.

"யக்கா, எனக்குப் பாவக்காய் மட்டும் வேணாம்."

"எனக்குக் கத்தரிக்காய் அலர்ஜி."

"யோவ், திங்கவா போற, பேருய்யா!"

இஞ்சினியர் பொண்ணு ஒரு தட்டுத் தட்டுச்சு. டிவியில மீனெல்லாம், முன்னாடியே மாறியிருந்த காயெல்லாம் ஒரே மூச்சுல மறைஞ்சுச்சு. அடுத்த நிமிசம் கிரவுண்டு பூரா காய்கறி! முருங்கை, அவரை, சுரை, பரங்கி, புடலை... சந்தையில கூடையக் கவுத்து விட்டாப்ல. அப்பறம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் கெளம்பிடுச்சு. ஒண்ணு ரயில்வே ஸ்டேஷனுக்கு, ரெண்டு காரைக்காலுக்கு, மூணு அம்பகரத்தூர்ப் பக்கம். எது கெளுத்தின்னு எனக்கே தெரியல. பயம் ஒரு பக்கம், வாய் மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்கு.

போன் அடிச்சுச்சு.

"யக்கா! மாமா எந்தக் காய்?"

"தெரியாது தம்பி."

"பொய் சொல்லாதீங்க!"

"அம்மன் மேல சத்தியமாத் தெரியாது தம்பி." அந்தச் சத்தியத்த எம்மாம் நிம்மதியாப் பண்ணினேன் தெரியுமா. தெரியாதத மறைக்க வேண்டிய கஷ்டமே இல்ல.

அவரு லேசுப்பட்டவரு இல்ல. பரங்கியத் தொரத்திக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் போயி, உள்ள பூரா கோயமுத்தூர்க்காரங்கன்னு பாத்துட்டு, வேற வேல பண்ணிட்டாரு. எல்லா வண்டி ஸ்கிரீன்லயும் ஒரு செய்தி வந்துச்சு: அம்பகரத்தூர் ரோட்டுல புளியமரம் விழுந்து கெடக்கு, எல்லாரும் திரும்பிடுங்க. அதே பாஸ்வேர்டு, அதே சாமி படம். மாமா அம்மன் கோயிலுக்குத்தான் போவாருன்னு ஊகிச்சுட்டாரு போல, வண்டியெல்லாம் திரும்பி வந்தா வழியிலயே மடக்கிப் பாத்துரலாம்ல?

ஒரு காய் நின்னுடுச்சு. இன்னொண்ணு மெதுவாச்சு. மரம் நெசமாவே விழுந்திருந்தா நான் போகச் சொல்லக் கூடாது. விழலன்னா திரும்பச் சொல்லக் கூடாது. மறுபடியும் எல்லாரையும் கேட்டேன்.

"யாரும் திரும்ப வேணாம், ஓரமா மெதுவாப் போங்க. அந்த மரத்தக் கண்ணால பாத்தது யாரு? பாத்தவங்க மட்டும் பேசுங்க."

பாத்தேன்னு ஒருத்தரும் சொல்லல. அப்பறம், முன்னாடியே போயி அம்பகரத்தூர்ல ஆளெறக்கிட்டு எதிர்த் திசையில வந்துக்கிட்டிருந்த டிரைவர் குரல் வந்துச்சு.

"நான் இப்பத்தான் அந்த வழியா வந்தேன்க்கா. மரமெல்லாம் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. விழுகிற எண்ணமே அதுங்களுக்கு இல்ல."

"சரி. எல்லாரும் போங்க"ன்னேன்.

பிள்ளைங்களா, ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்தா உதறித் தள்ளிடாதீங்க, ஆனா அதச் சொன்னது ஒரு வண்டியான்னு கேளுங்க. கண்ணால பாத்த வண்டி ஒண்ணாவது பின்னாடி நிக்கணும். ஒரு ஆளப் பத்தி யாராவது கேட்டா எல்லாரையும் சேத்து விசாரிங்க. இது ரெண்டையும் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, அன்னிக்கு வேற வழி தெரியாம செஞ்சது.

அதுக்கப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. டிவியில ரெண்டு காய் அம்பகரத்தூர்ல நின்னுக்கிட்டிருந்துச்சு. இஞ்சினியர் பொண்ணு நகத்தக் கடிக்குது. யாராவது வழியில ஒரு வார்த்தை கேட்டுருந்தாங்கன்னா? டீச்சர் எறங்கித் திரும்பி நடந்துக்கிட்டிருந்தாங்கன்னா? கூப்பிட்டுக் கேக்கவும் முடியாது.

திடீர்னு மைக்ல ஒரு கத்தல்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

வேற ஒண்ணுமே சொல்லல. யாரு, எங்க, எதுவும் இல்ல. சனிக்கிழமைல மேளத்துக்கு எங்க போறது? ஒரு வண்டி ஹாரன் அடிச்சுச்சு. அடுத்தது அடிச்சுச்சு. அப்பறம் பாக்கணுமே, ஸ்டேஷன்ல நின்னது, பஸ் ஸ்டாண்டுல நின்னது, ரோட்டுல போனது, அத்தன வண்டியும் டும்டும்னு ஹாரன்! உள்ள உக்காந்திருந்த வெளியூர்க்காரங்க "யாருக்குங்க கல்யாணம்?"னு கேக்குறாங்க, டிரைவருங்க "தெரியாதுங்க, கை தட்டுங்க"ங்குறாங்க, அவங்களும் தட்டுறாங்க. மைக் வழியா அதெல்லாம் ஆபீசுக்குள்ள கொட்டுது. நான் மேனேஜர் முன்னாடியே எந்திரிச்சு நின்னு குலவை போட்டுட்டேன். என் வாழ்க்கையில நாலு பேரு முன்னாடி போட்ட மொத சத்தம் அது.

மறுபடி போன். பாஸ்கர். அவர் பக்கத்துலயும் ஹாரன் கேக்குது.

"யக்கா, எல்லா வேனும் ஏன் இப்படி அடிக்குது?"

"கல்யாணம் தம்பி."

"எங்க?"

"எங்கயோ."

அவரு குரல் எறங்கி வந்துச்சு. "மாமாகிட்ட மாத்திரை நெசமாவே இருக்குல்லக்கா?"

"இருக்குன்னு சொன்னாங்க தம்பி."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

அன்னிக்கு நைட்டே இஞ்சினியர் பொண்ணு வண்டிக்கு ஒரு பாஸ்வேர்டுன்னு மாத்திடுச்சு. சாமி படத்துக்குக் கீழ ஒட்டியிருந்ததக் கிழிச்சுப்போட்டோம். இப்ப பெட்டி தானாவே பேர மாத்திக்குது, எல்லா வண்டியும் கூடுற எடத்துல, எல்லாத்துக்கும் சேத்து. டீச்சரம்மாவும் சொல்தா ஐயாவும் நல்லா இருக்காங்க. பாஸ்கர் அவங்கள இன்னும் டீச்சர்னுதான் கூப்பிடுறாராம், காபி மட்டும் நாற்காலியில உக்காந்து குடிக்கிறாராம்.

இதுல மீன் பேரையோ டிரைவர் சொன்னதையோ நான் மாத்தி எழுதியிருக்கலாம். யாரு எந்தப் பக்கம் போனாங்கங்கறதும் எனக்குச் சரியா நெனவில்ல. பழைய டிரைவருங்க யாராவது ஒரு தடவ படிச்சுப் பாத்துத் தப்பெல்லாம் திருத்திடுங்க. கெளுத்தி எந்தக் காயாச்சுங்கறத மட்டும் தேட வேணாம். கலியமூர்த்தியக் கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு காய் சொல்லுவாரு. அன்னிக்கு என்ன சொல்றாரோ அதையே சரின்னு எழுதிக்குங்க.